நாஞ்சில் வெயிலில் கழுவிய ஃபிலிம்

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவிப் பார்க்கும் ஆசை நமக்குக் கல்லூரி நாள்களில் தொற்றியது. நாகர்கோவிலில், சித்திரை மாதத்தில். டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்றது பொட்டலத்தின் மேலிருந்த குறிப்பு; கிணற்று நீரோ 28க்குக் கீழே இறங்குவதாயில்லை. மீன்பெட்டிக்கு இடும் ஐஸை வாங்கிவந்து டப்பாவைச் சுற்றி அடுக்கிக் குளிரவைத்தோம். அறிவாளித்தனம் அத்துடன் முடிந்தது. கடைசிக் கழுவலுக்கு மொட்டைமாடித் தொட்டியின் நீரைத் திறந்துவிட்டோம். உலர்ந்த சுருளைத் தூக்கிப் பார்த்தபோது திண்ணையில் அமர்ந்திருந்த ஆச்சியின் முகமெங்கும் வற்றிய குளத்துச் சேறுபோல வெடிப்புகள். மறு ஆண்டு ஆச்சி இறந்துபோனார். வேறு படம் இல்லை.

நடந்தது என்ன என்பது பின்னரே விளங்கியது. ஃபிலிமின் மேல் பூசப்பட்டிருப்பது ஜெலட்டின். வெள்ளித்துகள்கள் அதற்குள்தான் பொதிந்திருக்கின்றன. குளிர்ந்த மருந்தில் இறுகிக் கிடந்த ஜெலட்டின் திடீரெனச் சூடான நீரைக் கண்டதும் உப்பி, அடித்தளம் இடம் கொடாமையால் சுருக்கம் விழுந்துவிடுகிறது. 28 பாகையிலேயே எல்லாவற்றையும் செய்து, டெவலப்பரில் வைக்கும் நேரத்தை மட்டும் குறைத்திருந்தால் ஆச்சி பிழைத்திருப்பார், படத்திலேனும்.

இந்த இடர் நமக்கு மட்டுமானதன்று. புகைப்படக்கலை தென்னாட்டுக்கு வந்த நாள்முதல் வெயிலோடு மல்லாடியே வந்திருக்கிறது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையில் கண்ணாடித்தகடு ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இங்கிலாந்தில் கிடைக்கும் அவகாசம் இங்கே கிடைக்காது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857 இறுதியிலும் 1858 தொடக்கத்திலும் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனச் சுற்றியபோது பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவையே நம்பியதில் வியப்பில்லை. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளச் சுருளாக ஒட்டியவர் அவர். (திருவிதாங்கூர் தனி அரசாதலால் நாஞ்சில் நாடு அவர் தொகுதிகளில் இல்லை. சுசீந்திரம் கோபுரத்தை அவர் எடுத்திருந்தால் என்று நாம் ஏங்குவதுண்டு.) அக்காலக் காகித நெகட்டிவில் வானம் சீராகப் பதியாது, திட்டுத்திட்டாய் விழும். டிரைப் நெகட்டிவின் மீதே நிறம் தீட்டி மேகங்களை வரைந்தார். அவர் படங்களில் நாம் காணும் மேகங்கள் சிலவேனும் அன்று வானில் இருந்தவையல்ல. பழம்படத்தைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்று மாணவர்கள் பழுதையும் பழுது மறைத்த கையையும் சேர்த்தே வாசிக்கவேண்டும் என்று நாம் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் ஜெலட்டின் தகட்டை முன்வைத்தபின் ஈரக்கவலை ஒழிந்தது. உருகும் கவலை வந்தது. வெப்பநாடுகளுக்கென்றே தனிப் பக்குவங்கள் தோன்றின. டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்ப்பது ஒன்று. உப்பிலிட்ட நெல்லிக்காய் சுருங்குவதைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பு மிகுந்த நீரில் ஜெலட்டின் உப்புவதில்லை. குரோம் படிகாரக் கரைசலில் முக்கி அதை இறுக்குவது மற்றொன்று. பின்னாளில் நம் நாட்டு ஃபிலிம் உதகையின் குளிரில் உருவானது. 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' சுருள்கள் மலையிறங்கி வந்து சமவெளி வெயிலில் கழுவப்பட்டன. அந்த ஆலையும் இன்று இல்லை.

மற்றப் பழுதுகளை அடையாளம் காண்பது எளிது. நெகட்டிவில் தெளிந்த சிறு வட்டங்கள் இருந்தால் டெவலப்பர் ஊற்றியதும் டப்பாவைத் தட்டவில்லை, காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது என்று பொருள். பிரிண்டில் அவை கரும்புள்ளிகளாகும். பால்போன்ற மங்கல் இருந்தால் ஹைப்போ போதவில்லை. மீண்டும் ஹைப்போவில் இட்டால் சரியாகிவிடும். கடலோரக் கிணற்று நீர் உலர்ந்து விட்டுச்செல்லும் உப்புத்தடத்துக்கு, கடைசி முறை காய்ச்சி வடித்த நீரில் அலசுவதே மருந்து.

பூஞ்சைதான் கொடியது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. மரப்பெட்டியில் வைத்த நெகட்டிவில் வேர்போலக் கிளைத்துப் பரவி ஜெலட்டினையே தின்றுவிடும். பலர் செய்யும் பிழை, அதை நீரில் கழுவுவது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மையடைந்திருக்கும். அழுக்கோடு படமும் போய்விடும். முதலில் நன்கு உலரவிட்டு, பின்னர் மென்தூரிகையால் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

சில ஆண்டுகளுக்கு முன், மூடப்பட்ட ஸ்டுடியோ ஒன்றின் நெகட்டிவ் பெட்டிகள் வெள்ளி எடுப்பதற்கென எடைக்குப் போவதைக் கண்டோம். கெஞ்சி வாங்கியது ஒரே பெட்டி. பாதிக்குமேல் பூஞ்சை. மீதியில் மணப்பெண்கள், பள்ளிக்கூட வகுப்புகள், நாற்காலியில் சார்த்தி அமர்த்திய ஒரு பிணம். பெயர் எழுதிய உறை ஒன்றுகூட இல்லை.

ஆச்சியின் நெகட்டிவும் இப்போது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. கணிப்பொறியில் ஏற்றி வெடிப்புகளை நீக்கித் தருவதாக மாணவர் ஒருவர் சொன்னார். ஏற்றிப் பார்த்தோம். வெடிப்பு போன இடத்தில் வேறு யாரோ ஒருவரின் கன்னம் இருந்தது.