சாரம் விழுந்த பிறகு

டர்னர் 1844இல் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்' ஓவியத்தைப் பிரதிகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். கண் எப்போதும் ரயிலின் மீதே நின்றுவிடும். அதைத் தாங்கி நிற்கும் பாலத்தை வெகு காலம் கழித்தே கவனித்தேன். தேம்ஸ் நதியின் மேல், மெய்டன்ஹெட்டில் உள்ள செங்கல் பாலம் அது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

கட்டியவர் இஸம்பார்ட் கிங்டம் புரூனல். ரயில் பாதை மேடேறக் கூடாது. கீழே பாய்மரப் படகுகளும் தடையின்றிப் போகவேண்டும். இவ்விரண்டு நிர்ப்பந்தங்களிலிருந்து பிறந்ததுதான் பாலத்தின் உருவம்: ஆற்றின் மேல் இரண்டே வளைவுகள், இடையில் ஒரு தூண். ஒவ்வொரு வளைவின் அகலமும் 128 அடி. எழுச்சியோ 24 அடி 3 அங்குலம்தான். இவ்வளவு தட்டையான வளைவு நிற்காது என்றார்கள்.

பிறகு நடந்ததாக ஒரு கதை உண்டு. பயந்துபோன ரயில்வே நிர்வாகிகள், வளைவுகளுக்கு அடியிலிருந்த மரச் சாரத்தை (நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்பது) எடுக்க வேண்டாம் என்றார்கள். புரூனல் அதைச் சற்றே தளர்த்தி, செங்கல்லைத் தொடாமல் வெறுமனே நிற்கவிட்டார். ஒருநாள் சாரம் விழுந்தது. பாலம் நின்றது.

இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மூடர்கள் நடுவே தனித்து நிற்கும் மேதை: இந்த வேஷத்தில் நம்மில் யாருக்குத்தான் ஆசையில்லை?

ஆனால் கதை விட்டுவிடுகிற ஒன்று உண்டு. 1838இல் கிழக்கு வளைவு உண்மையிலேயே பிசகியது. உச்சியருகே அடிவரிசைச் செங்கற்கள் விலகின. சிமெண்டு இறுகுமுன் சாரத்தைத் தளர்த்தியதுதான் காரணம். ஒப்பந்தக்காரர் தவறை ஒப்புக்கொண்டு அந்தப் பகுதியைத் திருத்திக் கட்டினார். ஆகவே சந்தேகப்பட்டவர்கள் வெறும் மூடர்களல்லர். ஒரு நிஜமான விரிசலைப் பார்த்தவர்கள். கணக்கு சரியாகவே இருந்தது. காத்திருப்புதான் போதவில்லை.

நாமோ விரிசலைச் சுட்டுகிறவனை உடனே விரோதியாக்கிவிடுகிறோம். ஈரம் காயாத கவிதையைத் தொகுப்பில் சேர்த்துவிட்டு, வாசகனுக்குப் பக்குவமில்லை என்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

பாலம் 1839இல் திறக்கப்பட்டது. 1890-93இல் இருபுறமும் அதே பாணியில் அகலப்படுத்தினார்கள். டர்னர் காலத்து முகப்புகள் இன்று வெளியே தெரியா. புரூனலின் வளைவுகள் உள்ளே இருக்கின்றன. ரயில்கள் இன்றும் மேலே ஓடுகின்றன.