உலோகக் கிற்றாரும் ஒலிப்பெருக்கமும்

ஒரு குறையை நீக்குதற்கென்று பிறந்த இசைக்கருவி, அக்குறை வேறொரு வழியால் நீங்கிய பின்னரும் நிலைபெறுதல் அரிது. உலோக உடல் கொண்ட ஒத்ததிர்வுக் கிற்றார் அவ்வாறு நிலைபெற்றதொன்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஐக்கிய அமெரிக்காவிலே ஹவாய்த் தீவினரின் கிற்றார் இசை பெருவழக்குற்றது. கோட்டுவாத்தியத்திற் கட்டையை இழைப்பதுபோல, உருக்குத் துண்டொன்றைத் தந்திகளின்மீது இழைத்து வாசித்தல் அம்முறையாகும். ஆயின், பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கிய அரங்குகளில் மரக் கிற்றாரின் மெல்லோசை அமுங்கிப்போயிற்று. இதனால் வருந்திய கலைஞர் ஜோர்ஜ் பீச்சம், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கருவியமைத்து வந்த ஜோன் டொப்பியேராவை நாடினார். டொப்பியேரா சுலோவாக்கிய மண்ணிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர். செம்பு, நிக்கல், நாகம் ஆகியன கலந்த உலோகத்தால் உடலமைத்து, அதனுள் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றினை அவர் பொருத்தினார். தந்தியின் அதிர்வு குதிரையின் வழியே கூம்புகளை அடைய, அவை ஒலிபெருக்கியின் கூம்பு போன்று காற்றை அசைத்தன. 1927 இல் இக்கருவி நெஷனல் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது.

எனினும், பீச்சம் அதனோடு அமைந்தாரல்லர். அடொல்ப் ரிக்கன்பேக்கருடன் கூடி, தந்தியின் அசைவைக் காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் மின்னோட்டமாக்கும் கிற்றாரை 1932 இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்குரிய காப்புரிமை 1937 இற் கிடைத்தது. உரத்த ஒலிக்காகக் கூம்பினை வேண்டிய அவரே, கூம்பினைத் தேவையற்றதாக்கும் வழியையும் கண்டனர். இரண்டாம் உலகப் போரின்போது உலோகக் கிற்றார்களின் ஆக்கமும் நின்றுபோயிற்று.

ஆயினும் கருவி மறைந்திலது. புக்கா வைட், சன் ஹவுஸ் முதலிய புளூஸ் இசைஞர் அதன் கூரிய, கணீரென்ற நாதத்தைத் தம் குரலுக்குத் துணையாக்கினர். 1964 இல் சன் ஹவுஸ் மீண்டும் கண்டறியப்பட்டு மேடையேறியபோது, இளைஞர் பலர் அந்நாதத்தின்பால் ஈர்க்கப்பட்டனர். 1989 இற் கலிபோர்னியாவில் தோன்றிய நிறுவனமொன்று இவ்வகைக் கருவிகளை மீண்டும் ஆக்கத் தொடங்கிற்று.

உரத்து ஒலிப்பதற்கென்றே பிறந்த கருவிக்கும் இன்றைய பேரரங்குகளில் மின்துணை வேண்டப்படுகின்றது. ஈண்டுதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. காந்தக் கருவி தந்தியின் அசைவையே உணரும். கூம்பின் குரலைப் பெரும்பாலும் உணராது. ஒலிவாங்கியை முன்வைப்பின் கூம்பின் குரல் கிடைக்கும். ஆனால் ஒலிபெருக்கியின் ஓசை மெல்லிய கூம்பினை மீண்டும் அதிரச்செய்ய, அரங்கில் ஊளையொலி எழும். குதிரையின் கீழ் அமைக்கப்படும் அழுத்தவுணரி இவ்விடரைக் குறைப்பினும், வறண்ட ஓசையைத் தருதலும் உண்டு. ஆதலின், காந்தத்தின் உறுதியையும் ஒலிவாங்கியின் உண்மையையும் அளவறிந்து கலப்பவர் பலர்.

ஒலியின் அளவு வேறு. நாதத்தின் பண்பு வேறு. அளவினைப் பெருக்க எழுந்த கூம்பு, அவ்வகையில் மின்னிடம் தோற்றது. பண்பினாலோ, தன்னை வென்ற மின்னையே தனக்கு ஏவல்செய்ய வைத்துள்ளது. பழையதொன்றைப் பயனற்றதெனத் தள்ளுமுன், அதன் பயன் எது என்பதை முற்றும் அறிந்தோமா என நம்மை நாமே வினவுதல் நன்று.