யாவர்க்கும் திறந்த ஆடுகளம்

பந்தயத்தில் வென்றவர் யார் என்று வினவுவோர் பலர். அப்பந்தயத்தில் ஆட அனுமதிக்கப்பட்டவர் யார் என்று வினவுவோர் மிகச் சிலரே. வெற்றியின் கணக்கை ஏடுகள் குறித்து வைக்கின்றன. வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்டவனது ஆற்றலை எந்த ஏடும் குறிப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவிற் கூடைப்பந்தாட்டம் வளர்ந்த வரலாற்றை இவ்வினாவுடன் நோக்குதல் பயனுடையதாகும்.

1891ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இவ்விளையாட்டை அமைத்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவருக்கு மண்டபத்தினுள் ஆடத்தக்கதொரு விளையாட்டு வேண்டியிருந்தது. பீச்சுப் பழக்கூடைகள் இரண்டும், பந்து ஒன்றும், 13 விதிகளுமே அதன் முதற் செல்வம். இத்துணை எளிய ஆட்டம் விரைவிற் பரவியதில் வியப்பில்லை. ஆயினும், ஆட்டம் பணம் ஈட்டும் தொழிலாகியபோது வாயிலும் காவலும் தோன்றின.

நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 1923ஆம் ஆண்டு ரொபர்ட் டக்ளஸ் என்பவர் 'நியூயோர்க் றினைசன்ஸ்' என்னும் கறுப்பினத்தவர் அணியை நிறுவினார். தொழில்முறைச் சங்கங்கள் அவ்வணியைத் தம்முட் சேர்த்துக்கொள்ளாமையால், அது ஊர் ஊராகச் சென்று ஆடியே பொருளீட்டிற்று. 1939ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் உலகத் தொழில்முறைச் சுற்றுப்போட்டி முதன்முறையாக நடைபெற்றது. வெள்ளையர் அணிகளும் கறுப்பினத்தவர் அணிகளும் அங்கு ஒரே நிரலில் வைக்கப்பட்டன. இறுதியாட்டத்தில் ஒஷ்கொஷ் அணியை 34 க்கு 25 என்னும் புள்ளிக்கணக்கில் வென்று, றினைசன்ஸ் அணி 1,000 டொலர் பரிசைப் பெற்றது. அடுத்த ஆண்டும் கறுப்பினத்தவர் அணியாகிய ஹார்லெம் குளோப்ற்றொட்டேர்ஸ் அணியே வென்றது. அவர்களுடைய ஆற்றல் அன்று பிறந்ததன்று; அதை அளக்கும் கோல் அன்றுதான் அவர்களுக்கும் நீட்டப்பட்டது. தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் கறுப்பின வீரர் ஆடத் தொடங்கியதோ 1950ஆம் ஆண்டிலேயே.

சங்கங்களின் ஆட்டங்கள் பெரும்பாலும் குளிர்காலத்துக்கு உரியன. கோடை வந்ததும் வீரர் ஓய்வு பெறுவர். திறந்தவெளி ஆடுகளங்கள் உயிர்பெறும். 1940களின் பிற்பகுதியில், ஹார்லெமிற் பூங்காத் திணைக்கள ஊழியரான ஹொல்கொம்ப் றக்கர் என்பவர் இளைஞருக்காகக் கோடைச் சுற்றுப்போட்டியொன்றைத் தொடக்கினார். சிறுவரை நல்வழிப்படுத்துதலும், கல்வியில் ஊக்குதலும் அவர் நோக்கம். காலப்போக்கில் வில்ற் சேம்பர்லின், ஜூலியஸ் ஏர்விங் போன்ற பெருவீரரும் அங்கு வந்து தெருவில் ஆடிப் பழகியவரோடு பொருதினர். 1965இல் றக்கர் மறைந்தார். ஹார்லெமில் உள்ள பூங்காவொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இந்தக் கோடை மரபோடு பெரும் பணமும் சேர்ந்தது 2014ஆம் ஆண்டில் ஆகும். ஜொனதன் முகர் என்பவர் நிறுவிய அந்தப் போட்டிக்குப் 'த பாஸ்கற்போல் ரோர்னமென்ற்' என்பதே பெயர். ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு எவரும் விண்ணப்பிக்கலாம். முதலாண்டில் 32 அணிகள் ஆடின. பரிசு 500,000 டொலர். நொற்றர் டேம் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் அணி அதை வென்றது. அடுத்த ஆண்டிற் பரிசு பத்து இலட்சமாகவும், 2016இல் இருபது இலட்சமாகவும் உயர்ந்தது. வென்ற அணிக்கே பரிசு; இறுதியாட்டத்தில் தோற்றவருக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்பதே விதி.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 2015 முதல் 2018 வரை நான்காண்டுகள் தொடர்ந்து வென்றது 'ஓவர்சீஸ் எலீற்' என்னும் ஒரே அணி. பிறநாட்டு அணிகளிற் கூலிக்கு ஆடித் தேர்ந்தவர்கள் அதில் இருந்தனர். வேலை முடிந்த மாலையிற் பழகும் நண்பர் குழு அவர்களை எவ்வாறு வெல்லும்? வாயில் திறந்திருந்தும் செல்வம் தேர்ந்தவரிடமே சென்றதாயின், திறந்ததன் பயன் யாது?

தடையில் உண்மையுண்டு, திறந்த வாயில் எளியவனுக்கு வெற்றியை வாக்களிப்பதில்லை. ஆயினும், அந்தத் தேர்ந்த வீரர்தாமும் தாய்நாட்டுப் பெருஞ்சங்கத்தில் நிலையான இடம் கிடையாமையாற் கடல் கடந்து பிழைத்தவர்களே. தம் மக்கள் முன்னிலையில் தம் தகுதியைக் காட்ட அவர்களுக்குக் கிடைத்த களம் இதுவே. அவர்களும் 2019ஆம் ஆண்டு அரையிறுதியில் ஒஹாயோ ஸ்ரேற் பல்கலைக்கழகப் பழைய மாணவரிடம் தோற்றனர்.

திறந்த வாயில் வழியே புதிய எண்ணமும் நுழைந்தது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களிற் பின்தங்கிய அணி வேண்டுமென்றே விதி மீறிக் கடிகாரத்தை நிறுத்துவது நெடுநாட் குறை. பாடசாலை அதிபராயிருந்து, பின்னர் போல் ஸ்ரேற் பல்கலைக்கழகத்திற் கற்பித்த நிக் ஈலம் என்பவர் ஒரு தீர்வு கண்டார். இறுதிக் கட்டத்திற் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, முன்னிற்கும் அணியின் புள்ளிகளோடு குறித்த தொகையைக் கூட்டி, அவ்விலக்கை முதலில் எய்துவோரே வென்றோர் என வைக்கலாம் என்றார். இச்சுற்றுப்போட்டி 2017இல் அதைச் சில ஆட்டங்களிற் பரீட்சித்து, 2018இல் முழுமையாக மேற்கொண்டது. 2020இல் தேசியச் சங்கத்தின் நட்சத்திர வீரர் ஆட்டமே அம்முறையைத் தழுவியது. ஆட்டக்காரரல்லாத ஓர் ஆசிரியரின் சொல்லுக்கு முதலிற் செவிசாய்த்தது, எவரையும் வரவேற்ற களமே என்பது கருதத்தக்கது.

பரிசுப்பணம் செலவாகிவிடும்; வென்றவர் பெயரும் மறக்கப்படும். சிக்காகோவில் 1939இல் வென்றவருக்குக் கிடைத்த ஆயிரம் டொலரினும் பெரிது, அவர்கள் யாவருடனும் ஒப்ப நின்று அளக்கப்பட்டமையே. ஒரு சமுதாயம் தன் திறமைசாலிகளை உண்மையாகவே அறிய விரும்பினால், பரிசை உயர்த்து முன்னர் வாயிலைத் திறத்தல் வேண்டும்.