பற்று நோட்டில் இருக்கிறது ஊர்

விழுப்புரத்தின் கதையை ரயிலிலிருந்துதான் தொடங்குவார்கள். 1879-இல் புதுச்சேரிக்குப் பாதை திறந்தது. காட்பாடி, திருச்சி, மயிலாடுதுறைத் தடங்களும் சேர்ந்து ஊர் பெரிய சந்திப்பானது. திண்டிவனத்துக்குச் சாலைதான் கதை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் புதுச்சேரிக்கும் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரியும் இடம் அது. அங்கெல்லாம் வந்திறங்கியவருக்குச் சோடாவும் வெற்றிலையும் கொடுத்த பெட்டிக்கடைகள், சுற்றுக் கிராமங்களுக்கு உப்பும் புளியும் அளந்த மளிகைக்கடைகள் பற்றித்தான் எழுத்தில் பதிவு குறைவு. இந்த மலரிலாவது அவற்றுக்கு இடம் தர வேண்டும்.

இவ்வூர்கள் இருந்த தென்னார்க்காடு, மல்லாட்டை எனும் நிலக்கடலை விளையும் பூமி. விவசாயி வீட்டில் பணம் புழங்குவது அறுவடைக்குப் பிறகுதான். அடுப்போ தினமும் எரிய வேண்டும். இடைப்பட்ட மாதங்களைத் தாங்கியது கடைக்காரரின் பற்று நோட்டு. கையெழுத்து கிடையாது, ஈடு கிடையாது. எந்த வீட்டில் கல்யாணம், யாருக்கு மாடு செத்தது, யார் காணியில் மகசூல் பொய்த்தது என்பதெல்லாம் தெரிந்தவர் வைத்த கணக்கு அது. மல்லாட்டை விற்ற கையோடு பாக்கி அடையும். அடையாத வருஷத்தில் அடுத்த பக்கத்துக்குப் போகும். வராமலே போன பாக்கிகளும் உண்டு. அந்த நஷ்டத்தைச் சுமந்தவர்களை வெறும் வியாபாரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1957-இல் நயா பைசா வந்தது. அடுத்த ஆண்டே கிலோ எடைக்கல் வரத் தொடங்கியது. வீசையும் பலமும் படியும் மனத்தில் பதிந்திருந்த மக்களுக்குப் புதுக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த இடம் கல்லாவின் முன்பக்கம். 2016-இல் பழைய நோட்டுகள் செல்லாதென்றானபோதும், மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்தபோதும், முதல் சந்தேகம் கேட்கப்பட்டது அங்கேதான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டு, சென்னை ரயில்கள் நின்றன. கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து அரிசி மூட்டைகள் வீணாயின. மின்சாரம் போய், செல்போன் வழிப் பணம் அனுப்ப முடியாத அத்தகைய நாளில், பெயரைச் சொன்னாலே பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் தருகிற கடைக்காரர் வேண்டும். பேரங்காடியின் பில் இயந்திரத்துக்கு நம் பெயர் தெரியாது.

வணிகர்கள் மே 5-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2025-இல் திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகத்தில் நடந்த மாநாட்டில், அந்நாள் வணிகர் நாளாக அறிவிக்கப்படும் என்றார் முதலமைச்சர். மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு கடையின் வரலாறும் அதன் பரணில் கிடக்கிறது. கடை கைமாறும்போது எடைக்குப் போய்விடுகிறது.

அதனால் கடைக்காரக் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள்: தாத்தா எழுதிய பற்று நோட்டு, படி, ஆழாக்கு, தராசு, திறப்பு விழாப் புகைப்படம் எதுவானாலும் தூக்கிப் போடாதீர்கள். மலர்க் குழுவிடம் காட்டுங்கள். படமெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.