நான்காம் இடம் வந்த பெண்களின் முதல் இசைத்தட்டு

பதிவு நீளமாகிறது என்று சிலர் செல்லமாகக் குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். இதுவும் நீளம்தான். காபியை ஆற்றிக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

இன்று கொஞ்சம் பாட்டு வரலாறு. ஆனால் நம் ஊர்ப் பாட்டு அல்ல. 1961இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இங்க்ஸ்டர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து கிளம்பிய ஐந்து பெண்களின் கதை. பிற்காலத்தில் 'மார்வலெட்ஸ்' என்று பெயர் பெற்றவர்கள்.

முதலில் அந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஊர் தெரியாமல் வரலாறு தெரியாது என்று வகுப்பில் நான் சொன்னது சிலருக்காவது நினைவிருக்கும். டெட்ராய்ட் நகரை ஒட்டி டியர்பார்ன் என்ற இடத்தில் ஃபோர்டு கம்பெனியின் மாபெரும் கார்த் தொழிற்சாலை இருந்தது. கறுப்பினத்தவருக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் டியர்பார்னில் வீடு கிடைக்காது, அவர்களைக் குடியிருக்க விடமாட்டார்கள். அதனால் அந்தத் தொழிலாளர்களில் பலர் மேற்கே தள்ளியிருந்த இங்க்ஸ்டரில் குடியேறினார்கள். வேலைக்கு ஓர் ஊர், வாழ ஓர் ஊர். இப்படி உருவான ஊரின் பள்ளியில்தான் நம் கதை தொடங்குகிறது.

பள்ளிப் பாடகர் குழுவில் கிளாடிஸ் ஹார்ட்டன் என்ற பெண் இருந்தார். வளர்ப்புப் பெற்றோர் வீடுகளில் வளர்ந்தவர், வயது பதினைந்து. அவர் கேத்தரின் ஆண்டர்சன், ஜார்ஜியானா டில்மன், வனிட்டா கவார்ட் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட ஜார்ஜியா டாபின்ஸும் வந்தார். (ஜார்ஜியானா வேறு, ஜார்ஜியா வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் கதையில் முக்கியமானவர் ஜார்ஜியா.) தங்களுக்கு வைத்துக்கொண்ட முதல் பெயர் 'கேஸின்யெட்ஸ்'. 'இன்னும் பாட வரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் வரும் ஒலி அது. தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் அந்த வயதின் குறும்பு எனக்கு மிகவும் பிடிக்கிறது.

பள்ளியில் திறமைப் போட்டி நடந்தது. முதல் மூன்று இடம் பெறுபவர்களுக்கு டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற புதிய இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிக் காட்டும் வாய்ப்பு. நம் பெண்கள் நான்காம் இடம்!

இந்த இடத்தில் ஓர் ஆசிரியை குறுக்கே வருகிறார். "இவர்களையும் அழைத்துப் போகலாமே" என்கிற தோரணையில் அவர் பேசியதால்தான் நான்காவது குழுவும் போனது. மோட்டவுன் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போகிறார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு நடுவராக உட்கார்ந்த எந்த ஆசிரியருக்கும் தெரியும், மூன்றாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் அரை மதிப்பெண்தான்.

மோட்டவுன் அப்போது பெரிய நிறுவனம் அல்ல. கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி என்பவர், 1959இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி ஆரம்பித்தது. மேற்கு கிராண்ட் புலவார்டு சாலையில் ஒரு சாதாரண வீடு. முன்பு புகைப்பட ஸ்டூடியோவாக இருந்த பின்பக்க அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். பெண்கள் பாடிக் காட்டியதும் அவர்களுக்குக் கிடைத்த பதில், "நீங்களே ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்பதுதான். மற்றவர்களின் பாட்டைப் பாடுகிறவர்கள் ஊரெல்லாம் இருந்தார்களே!

ஜார்ஜியா டாபின்ஸ் உள்ளூரில் வில்லியம் கேரட் என்ற இசைக்கலைஞரிடம் போனார். அவரிடம் தபால்காரரைப் பற்றிய ஒரு ப்ளூஸ் பாட்டு இருந்தது. 'பாட்டு வெற்றி பெற்றால் என் பெயரும் இருக்க வேண்டும்' என்ற ஒரே நிபந்தனையோடு கொடுத்துவிட்டார். அதற்கு முன் ஒரு பாட்டுக்கூட எழுதியிராத ஜார்ஜியா அதை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒரே இரவில் தலைப்பை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் மாற்றினார். காதலனின் கடிதம் வந்திருக்கிறதா என்று தபால்காரரைத் துளைத்தெடுக்கும் ஒரு பெண்ணின் பாட்டாக அது ஆனது. 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. வாட்ஸ்அப் தலைமுறைக்குச் சொல்கிறேன்: மணிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிய காலம் ஒன்று எல்லா நாட்டிலும் இருந்தது.

பாட்டு தயார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அன்று 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் தேவை. ஜார்ஜியாவின் தந்தை மறுத்துவிட்டார். வீட்டில் அம்மாவுக்கும் உடல்நலம் சரியில்லை, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பாட்டை எழுதிய பெண் குழுவிலிருந்து விலகினார். அவருக்குப் பதிலாக வாண்டா யங் வந்தார்.

அந்தத் தந்தையைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இரவு விடுதிகளும், தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பாடகர்களுக்கு உணவு விடுதிகூடத் திறக்காத நீண்ட பேருந்துப் பயணங்களும் காத்திருந்த தொழில் அது. பெண்ணைப் பெற்றவருக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? ஆனாலும் அந்தக் கையெழுத்து விழாமல் போனதை நினைத்தால் நெஞ்சில் ஏதோ செய்கிறது.

1961 கோடையில் ஒலிப்பதிவு. முன்னணிக் குரல் கிளாடிஸ். டிரம்ஸ் வாசித்தவர் யார் தெரியுமா? பின்னால் உலகப் புகழ் பெற்ற மார்வின் கே. அப்போது அவர் அந்த வீட்டில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்த இளைஞர். பாட்டைச் செப்பனிட்டவர்கள் பிரையன் ஹாலண்டும் ராபர்ட் பேட்மனும். உதவிய இன்னொருவர் ஃப்ரெடி கோர்மன். அவர் நிஜமாகவே தபால்காரர்! பகலில் டெட்ராய்ட் தெருக்களில் கடிதம் கொடுப்பது, மற்ற நேரத்தில் பாட்டு எழுதுவது. இதைக் கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

குழுவுக்கு மார்வலெட்ஸ் என்று பெயர் வைத்தவர் கோர்டி. ஆகஸ்டில் வெளியான பாட்டு மெல்ல மெல்ல ஏறி, டிசம்பரில் பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. பொதுவான பாப் பட்டியலில் மோட்டவுனுக்குக் கிடைத்த முதல் முதலிடம் இதுதான். சில மாதங்களுக்கு முன்பு பள்ளியில் நான்காம் இடம்!

பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே, சூடு ஆறுவதற்குள் ஒரு முழு எல்பி ரெக்கார்டு வேண்டும் என்று நிறுவனம் அவசரப்பட்டது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டு ஓடினால் அதைச் சுற்றி மற்றவற்றை அடுக்கி ஆல்பமாக விற்பார்கள். நவம்பரில் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது. அதில் கையிருப்புச் சரக்கும் உண்டு. ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு பாடியிருந்த ஒரு பாட்டு இருக்கிறது. சுப்ரீம்ஸ் என்ற இன்னொரு பெண்கள் குழு அதே ஆண்டு மார்ச்சில் பாடி எடுபடாமல் போன 'ஐ வான்ட் எ கை' பாட்டும் இருக்கிறது. என் காதுக்கு இந்த ஆல்பம் ஒரே தரமாக இல்லை. தபால்காரர் பாட்டு ஓர் உயரத்தில் நிற்கிறது, மற்றவை அதை அண்ணாந்து பார்க்கின்றன. ஆனால் அந்தக் குரல்களில் கண்டு பாவம் செய்யாத ஒரு பச்சை இளமை இருக்கிறது. அது பிற்கால ஆல்பங்களில் இல்லை.

அட்டையைப் பார்த்தால் இன்னொரு செய்தி. அதில் அந்தப் பெண்களின் முகம் இல்லை! சிலந்தி வலை பின்னிய ஒரு தபால் பெட்டியின் படம். பாட்டுக்குப் பொருத்தமான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் கறுப்பு முகம் அட்டையில் இருந்தால் பல கடைகள் முன்னால் வைக்கத் தயங்கிய காலம் அது. 1966இல்கூட மோட்டவுனின் ஐஸ்லி பிரதர்ஸ் ஆல்பத்து அட்டையில் கடற்கரையில் ஒரு வெள்ளை இளம் ஜோடியைத்தான் போட்டார்கள்.

சுப்ரீம்ஸ் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் 1960இலேயே கோர்டியிடம் பாடிக் காட்டினார்கள். அவர் "முதலில் பள்ளியை முடியுங்கள்" என்று திருப்பி அனுப்பினார் (இந்த ஒரு விஷயத்தில் கோர்டிக்கு நூற்றுக்கு நூறு). அவர்கள் விடவில்லை. நாள்தோறும் அந்த வீட்டு வாசலுக்கு வந்து, மற்றவர்களின் பதிவுகளில் கைதட்டியாவது ஒட்டிக்கொண்டார்கள். பிறகு வந்த இங்க்ஸ்டர் பெண்கள் அவர்களை முந்திவிட்டார்கள். ஆனால் 1964இல் மார்வலெட்ஸ் வேண்டாம் என்று ஒதுக்கிய 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டு சுப்ரீம்ஸிடம் போய் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை.

மார்வலெட்ஸின் பிற்காலம் சுகமானதல்ல. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வனிட்டா, 'டெட்ராய்ட் இங்க்ஸ்டரின் புறநகர்' என்று பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார். அதற்குக் கிடைத்த கேலியில் மனம் உடைந்து 1963இல் விலகினார். ஒரு பூகோளப் பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா! ஜார்ஜியானா நோயோடு போராடி 1980இல் காலமானார். குழுவின் பெயர் நிறுவனத்தின் சொத்தாக இருந்ததால் அது பின்னர் வேறு கைக்குப் போனது. அவர்கள் பெயரில் வேறு யாரோ மேடை ஏறினார்கள், கிளாடிஸுக்கோ அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை. சுப்ரீம்ஸின் மேரி வில்சன் போன்றோர் போராடிய பிறகுதான் பல மாநிலங்கள் இதற்குச் சட்டம் கொண்டுவந்தன. கிளாடிஸ் 2011இல் மறைந்தார்.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 1963இல் பீட்டில்ஸ் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் பாடினார்கள். 1975இல் கார்பென்டர்ஸ் பாடி மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். பாட்டை எழுதியவர்கள் என்று சொல்லப்படும் ஐவரில் ஒருவராக, அந்த முதல் ஆல்பத்தில் பாடவே இல்லாத ஜார்ஜியா டாபின்ஸின் பெயரும் நிற்கிறது.

யூடியூபில் கேளுங்கள், மூன்று நிமிடம்கூட ஆகாது. மார்வலெட்ஸ் பாடியதை முதலில் கேட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் போங்கள். கிளாடிஸின் தொண்டை லேசாகக் கரகரக்கும் இடங்களைக் கவனியுங்கள். எந்தப் பதிவு பிடித்தது என்று கீழே எழுதுங்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படிக்கிறேன்.