வெட்டி வேலையும் தன்னார்வமும்: மலைப்பாதைகளை முன்வைத்து

கொடுங்கையூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மலை ஒன்றுதான். குப்பை மலை. அதில் ஏறும் பாதையை யாரும் வரைபடம் போட்டு அமைக்கவில்லை. லாரி டயரும், இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கப் போகிறவர்களின் காலும் சேர்ந்து போட்ட பாதை அது. மழை பெய்தால் சரிந்துவிடும். மறுநாள் அதே ஆட்கள் வேறு பக்கம் மிதித்து இன்னொன்றை உண்டாக்கிக்கொள்வார்கள்.

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் சில வாரங்களுக்கு முன் ஒரு வீடியோவைக் காட்டினார். அமெரிக்காவில் ஏதோ ஒரு மலை. விடுமுறைக்கு வந்த ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்து, மலைக்குடிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைச் செப்பனிடுகிறார்கள். யாருக்கும் கூலி கிடையாது. சிரித்த முகமாக வேலை பார்க்கிறார்கள். "நம்ம ஊர்ல ஏன் இப்படி யாரும் செய்யறதில்ல?" என்று கேட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி ஒருவர், "நம்ம ஊர்லயும் கூலி இல்லாமத்தான் வெட்டுனாங்க, யாரும் வீடியோ எடுக்கல" என்றார். எல்லோரும் சிரித்தோம். இரண்டுமே நல்ல பேச்சு என்பதால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த வீடியோவில் இருப்பதை மரியாதையோடு பார்ப்போம். அது லேசான வேலை இல்லை. மலைப்பாதைக்கு முதல் எதிரி தண்ணீர். பாதையின் நடுவே ஓடும் மழைநீர் இரண்டே பருவத்தில் அதை ஓடையாக்கிவிடும். அதனால் பாதையைப் பள்ளத்துப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வெட்ட வேண்டும். இடையிடையே குறுக்காகக் கல்லோ மரமோ பதித்து நீரை வெளியே திருப்ப வேண்டும். செங்குத்தான இடத்தில் கல்படி. விழுந்த மரத்தை அறுக்க வேண்டும், அடைத்த வடிகாலைத் தோண்ட வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். போட்டதோடு முடிவதில்லை பாதை.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் ஓடுகிறது. வழி நெடுகத் தங்கும் குடில்கள் உண்டு. இன்றும் பெரும்பகுதியைப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள். இந்தப் பாதைக்கான யோசனையை பென்டன் மெக்கே என்பவர் 1921 அக்டோபரில் எழுதினார். இயந்திர வாழ்க்கையில் களைத்த மனிதருக்கு மலையில் ஓய்வு வேண்டும், அந்தப் பாதையை மக்களே மனமுவந்து போடட்டும் என்பது அவர் எண்ணம். 1937இல் பாதை முழுமையடைந்தது. அழகான யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் அது கடந்து செல்லும் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில், கறுப்பின மக்களுக்கென்று லூயிஸ் மலையில் தனி இடம் ஒதுக்கி 1939இல் திறந்தார்கள். பொதுப்பணி முகாம்களில் கல் உடைத்த இளைஞர்களையும் நிறம் பார்த்துத் தனித்தனி முகாமாகப் பிரித்தார்கள். மலைக் காற்றையும் பங்கு பிரித்துத்தான் கொடுத்தார்கள்.

அதே 1921. மெக்கே எழுதுவதற்கு ஒன்பது மாதம் முன்பு, ஜனவரி 14. இமயமலையின் குமாவுன் பகுதியில் பாகேஷ்வர் என்ற ஊர். சரயு, கோமதி ஆறுகள் கூடும் இடத்தில் மகர சங்கராந்தித் திருவிழா. ஆயிரக்கணக்கில் கூடிய மலை மக்கள், ஊர்த் தலைவர்கள் கொண்டுவந்த பதிவேடுகளை ஆற்றில் வீசினார்கள். எந்த வீட்டிலிருந்து எப்போது ஆள் வர வேண்டும் என்று எழுதிவைத்த பதிவேடுகள் அவை.

அந்த முறைக்கு 'கூலி பேகார்' என்று பெயர். 1815இல் குமாவுனைப் பிடித்த ஆங்கிலேயர்கள், அங்கே முன்பே இருந்த பழக்கத்தை நிர்வாக முறையாக்கினார்கள். அதிகாரி சுற்றுப்பயணம் வந்தால் அவருடைய கூடாரத்தையும் சாமான்களையும் சம்பளமில்லாமல் தூக்க வேண்டும். அவருடைய கூட்டத்துக்கு அரிசி, பால், விறகு கொடுக்க வேண்டும். மலைப்பாதையை வெட்டவும் செப்பனிடவும் ஆள் அனுப்ப வேண்டும். வழியிலிருந்த டாக் பங்களாக்கள், வேட்டைக்கு வந்த துரைகள் தங்கிய குடில்கள் எல்லாவற்றுக்கும் போன பாதைகளில் இந்த உழைப்பு இருக்கிறது. அறுவடை நேரமா, வீட்டில் நோயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அன்று திருவிழாவில் மாவட்டத் துணை ஆணையர் போலீசோடு இருந்தார், ஆனால் கூட்டத்தைப் பார்த்துச் சுடத் துணியவில்லை. அதன் பிறகு பேகார் அங்கே நடக்கவில்லை. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய பத்ரி தத் பாண்டேவைப் பள்ளிப் பாடங்கள் கொண்டாடுகின்றன.

கொண்டாடட்டும். ஆனால் நாம் இன்னும் ஒரு அடி போக வேண்டும். கூலி பேகார் நில வரியோடு கட்டப்பட்ட கடமை. பதிவேட்டில் பெரும்பாலும் இருந்தவை நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்கள். ஷில்பகார் என்று அழைக்கப்படும் அங்கத்திய தலித் மக்கள், இரும்படித்தும் கல் கட்டியும் மரம் இழைத்தும் ஊருக்குள் ஆதிக்க சாதியினருக்குச் செய்த ஊழியம் எந்தப் பதிவேட்டில் இருந்தது? எழுதப்படாததை ஆற்றில் வீச முடியாது.

பக்கத்து கர்வாலில் அதே 1920களில் ஜயானந்த் பாரதி 'டோலா பால்கி' இயக்கத்தைத் தொடங்கினார். கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் பல்லக்கில் போவது மலைநாட்டு வழக்கம். பல்லக்கைச் செய்யும் ஷில்பகாருக்கு அதில் உட்கார உரிமை இல்லை. ஆதிக்க சாதி ஊர் வழியே போனால் இறங்கி நடக்க வேண்டும். இதை எதிர்த்த இயக்கம் அது. நீதிமன்றம் வரை போனார்கள். ஆனாலும் 1980 மே 9 அன்று அல்மோரா மாவட்டம் கஃபல்டா கிராமத்தில், பல்லக்கிலிருந்து மாப்பிள்ளை இறங்க மறுத்ததில் தகராறு வெடித்தது. தலித் கல்யாண ஊர்வலத்தில் வந்த 14 பேர் கொல்லப்பட்டார்கள். சிலரை அவர்கள் ஒளிந்திருந்த வீட்டோடு எரித்தார்கள். கீழ்நிலை நீதிமன்றங்கள் விடுவித்த குற்றவாளிகளில் 16 பேருக்கு உச்ச நீதிமன்றம் 1997இல்தான் தண்டனை கொடுத்தது. பாகேஷ்வர் பதிவேடுகள் ஆற்றில் போய் 59 ஆண்டுகள் கழித்து நடந்த கொலைகள் இவை. நமக்கு இந்த இரண்டு தேதியும் சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும்.

நம் பக்கம் வருவோம். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஊதியமில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு, அல்லது அதற்கு ஈடான வரி. அதே சொல்தான் இன்று 'வெட்டியா சுத்தறான்' என்பதில் பயனற்றது என்ற பொருளில் நிற்கிறது. காசு கொடுக்காமல் வாங்கிய உழைப்புக்கு மொழி வைத்த விலை அது. 'கூலி'யும் உலகம் சுற்றிய சொல். தமிழிலிருந்து போனது என்பார்கள், குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

அந்தச் சொல்லைப் பெயராகவே சுமந்த பாதை ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் 'கூலி காட்'. காய்ச்சலிலும் காலராவிலும் தங்கள் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனார் 1845இல் மலை உச்சியில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். கட்டுமானப் பொருள்கள் தலைச்சுமையாகப் போயின. பின்னால் வந்த துரைமார்களும் அம்மாமார்களும் நாற்காலியிலும் டோலியிலும் போனார்கள். மேஜர் லா பெயரிலான மலைச்சாலை 1870களில் தொடங்கினாலும் முழுதாக முடிய அடுத்த நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை மனிதத் தோள்தான் வண்டி. பங்களா கட்டியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. தூக்கியவர்கள் 'கூலிகள்' என்ற பன்மைதான். இவர்கள் கூலி வாங்கினார்கள், பேகார் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பழைய தடத்திலிருக்கும் வெள்ளகவி கிராமம் விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சாலை இல்லாமல் கிடந்தது. துரையை டோலியில் ஏற்றிய மலையில் நோயாளியை டோலி கட்டித்தான் இறக்கினார்கள்.

பேகாரை அண்ணல் அம்பேத்கர் அளவுக்கு நெருங்கிப் பார்த்தவர் குறைவு. மகார் மக்கள் கிராமத்துக்கும் அரசுக்கும் செய்த தூது, காவல், வழிகாட்டல் உள்ளிட்ட பரம்பரை ஊழியத்துக்கு எதிராக 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகார் வதன் மசோதாவைக் கொண்டுவந்தார். வதன் என்ற பெயரில் கிடைத்த சொற்ப நிலம் ஒரு சமூகத்தையே எந்நேரமும் கூப்பிட்ட வேலைக்கு ஓட வைத்தது. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவில் 'பேகார்' என்ற சொல்லே தடை செய்யப்பட்டிருப்பதை மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பொதுநலனுக்காக அரசு கட்டாய சேவை கேட்கலாம், ஆனால் அதில் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்றது.

அதே 1982இல்தான் பீகாரின் கயா மாவட்டம் கெஹ்லோர் கிராமத்தில் தசரத் மாஞ்சி தன் வேலையை முடித்தார். முசகர் சாதியில் பிறந்த நிலமற்ற தொழிலாளி. மலையைக் கடக்கும்போது காயமடைந்த மனைவி ஃபல்குனி தேவியைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இழந்தவர் என்பார்கள். 1960இல் சுத்தியலும் உளியும் எடுத்தார். 22 ஆண்டுகள். 110 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையே 55 கிலோமீட்டர் சுற்றிப் போனது 15 கிலோமீட்டராகச் சுருங்கியது. 2007இல் அவர் இறந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள், பின்னால் படம் எடுத்தார்கள், தபால்தலை வெளியிட்டார்கள். அவரைத் தன்னார்வலர் என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, அது சரி. அரசு போட வேண்டிய பாதையை ஒரு தலித் தன் ஆயுளில் 22 ஆண்டு கொடுத்துப் போட்டதை 'மன உறுதி'க் கதையாக மட்டும் மேடையில் சொல்லும்போது, அரசின் பெயர் அதிலிருந்து நழுவிவிடுகிறது.

அப்படியானால் தன்னார்வ வேலையே வேண்டாமா என்று அந்த மாணவி கேட்டார். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வெள்ளத்தில் எங்கள் பகுதி மூழ்கியபோது படகு தள்ளியதும் சோறு வடித்ததும் எங்கள் பிள்ளைகள்தான். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கிறவர் வந்து செய்தால்தான் அது தன்னார்வம். ஞாயிற்றுக்கிழமை வரப்பு வெட்டும் வங்கி ஊழியருக்குத் திங்கட்கிழமை வேறு வேலை இருக்கிறது. அந்த மண்வெட்டி அவருடைய சாதியாகாது. நம் பிள்ளை மண்வெட்டியைத் தொட்டால் பார்க்கிறவர் கண்ணில் தாத்தாவின் வேலை தெரிகிறது.

சென்ற ஆண்டு ஓர் அமைப்பு கடற்கரைச் சுத்தத்துக்கு எங்கள் தம்பிகள் இருபது பேரைக் கூப்பிட்டது. எல்லோருக்கும் ஒரே டி-சர்ட். மற்றவர்களுக்குக் கையுறையும் பையும் கொடுத்துக் காகிதம் பொறுக்க விட்டார்கள். அடைத்துக் கிடந்த சாக்கடை வாயிலுக்கு வந்ததும், "நீங்க பழக்கப்பட்டவங்க" என்று இவர்களிடம் மண்வெட்டியை நீட்டினார்கள். இரண்டு பேர் அங்கேயே டி-சர்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இந்த மாதம் அதே அமைப்பிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை மலைப்பாதைச் சுத்தம், இரண்டு நாள், தங்குவதற்குக் குடில், சாப்பாடு இலவசம். அன்று டி-சர்ட்டைக் கழற்றிய தம்பிகளில் ஒருவர்தான் போனை எடுத்தார். மண்வெட்டி பிடிப்பது யார் யார், முறை வைத்து மாறுமா, கையுறை எல்லோருக்கும் உண்டா என்று கேட்டார். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை.