இழை அறுந்தால் நிற்பது: விசைத்தறியிலிருந்து மென்பொருள் பில்ட் வரை

சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் நெடுங்காலம் ஓடிவந்த சாதாரணத் தறிகளுக்கு, பாவு நூல் அறுந்தால் தானே நிற்கும் வசதி கிடையாது. பல தறிகளை ஒருவரே பார்க்கையில், அறுந்த இழை கண்ணில் படுமுன் துணியில் நீளக் கோடு விழுந்துவிடும். தானே நிற்கும் தறியில் ஒவ்வொரு பாவு இழையின் மேலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்கும். இழை அறுந்ததும் தகடு விழும், தறி நிற்கும். மத்திய ஜவுளி அமைச்சகம் 2013-14இல் தொடங்கிய விசைத்தறி மேம்பாட்டுத் திட்டத்தில் மானியம் பெற்ற கருவிகளுள் இந்தப் பாவு நிறுத்தியும் ஒன்று. மென்பொருள் துறையின் கண்டினியுவஸ் இன்டகிரேஷனையும், நிரலை ஓட்டாமலே குறை தேடும் ஸ்டேட்டிக் அனாலிசிஸையும் இந்தத் தகட்டின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டிலும் குறையைக் கண்டுபிடிக்கும் வழி சீக்கிரமே கிடைத்துவிட்டது. வேலையை நிறுத்துவதும், நின்றபின் ஒருவர் வந்து முடிச்சுப் போடுவதும்தான் இன்றுவரை சிக்கலாக இருக்கின்றன.

பாவு நிறுத்தி ஜப்பானியர் கண்டது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது சரியல்ல, அமெரிக்காவின் டிரேப்பர் நிறுவனம் 1894இல் விற்கத் தொடங்கிய நார்த்ராப் தறியிலேயே அது இருந்தது. சகிச்சி டொயோடாவின் ஜி வகைத் தானியங்கித் தறி 1924இல்தான் வந்தது. அதன் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் விலைக்கு வாங்கியது. டொயோடா குடும்பத்தின் உண்மையான புதுமை, குறை கண்டதும் நிற்கும் பழக்கத்தைத் தறியிலிருந்து பெயர்த்துக் கார் ஆலைக்குக் கொண்டுபோனதில் இருக்கிறது. குறை கண்ட தொழிலாளி உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டை டொயோடா பொறியாளர் தாய்இச்சி ஓனோ அங்கே வேரூன்றச் செய்தார். மென்பொருளிலும் கருவிதான் முந்தியது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட் 1978இலேயே குறைகளைச் சுட்டிக்காட்டியது. ஆனால் எதையும் நிறுத்தவில்லை. விரும்பியவர் ஓட்டினார், விரும்பாதவர் விட்டுவிட்டார். மாற்றம் ஒவ்வொன்றையும் சேர்த்தவுடனே முழு நிரலையும் கட்டிச் சோதிக்கும் கண்டினியுவஸ் இன்டகிரேஷன் முறையை மார்ட்டின் ஃபௌலரும் மேத்யூ ஃபோம்மெலும் 2000இல் விளக்கி எழுதினர். அதைத் தானாகச் செய்யும் குரூஸ்கன்ட்ரோல் 2001இல் வந்தது. அதன்பின் வந்த ஹட்சன் 2011 முதல் ஜென்கின்ஸ் என்ற பெயரில் ஓடுகிறது.

தறிக்கும், நிரலைக் கட்டும் பில்டுக்கும் நேரடி வாரிசு உறவு ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மைக்ரோசாஃப்ட் 1990களில் கடைப்பிடித்த தினசரி பில்ட் டொயோடாவைப் பார்த்து எழுந்ததல்ல. பெரிய நிரலைப் பலர் எழுதும்போது வந்த நெருக்கடியில் பிறந்தது அது. ஆனால் இரு ஓடைகளும் பின்னர் கலந்ததற்குச் சான்று இருக்கிறது. பாப்பென்டீக் தம்பதி 2003இல் டொயோடா முறையை மென்பொருளுக்குப் பொருத்தி நூல் எழுதினர். கென்ட் பெக் தம் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் நூலின் இரண்டாம் பதிப்பில் டொயோடாவுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

நிறுத்தம் எங்கே, எப்போது நிகழ்கிறது என்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை ஃபேஸ்புக்கின் ஸ்டேட்டிக் அனாலிசிஸ் கருவியான இன்ஃபர் காட்டிவிட்டது. அதன் பொறியாளர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கருவியை இரவில் ஓட்டிக் குறைப்பட்டியலைக் கையில் கொடுத்தபோது திருத்தப்பட்டவை ஏறக்குறைய பூஜ்யம். நிரலாளர் தம் மாற்றத்தை மறுபார்வைக்கு வைத்த நேரத்திலேயே அதே கருவி பேசியபோது 70 சதவீதத்துக்கு மேல் திருத்தப்பட்டன. அதே வகைக் கருவியை விற்ற கவெரிட்டி நிறுவனத்தார் 2010இல் எழுதியது இதன் மறுபக்கம்: பொய் எச்சரிக்கை 30 சதவீதத்தைத் தாண்டினால் பயனர்கள் கருவியையே பொருட்படுத்துவதில்லை. இழை அறாமலே தகடு விழும் தறியை யார்தான் நம்புவார்? ஆகவே கருவியின் விதிகளைச் சீர்படுத்துவது, உடைந்த சோதனையைச் சரிசெய்வது, காலாவதியான நிரல் நூலகங்களைப் புதுப்பிப்பது ஆகியவற்றை உபரி வேலையாகக் கருத முடியாது. அவை நின்றால் கருவியும் செத்ததாகவே கொள்ள வேண்டும்.

வாரிசு உறவு பற்றிய கேள்வியைவிட வலுவான மறுப்பு, நிற்பதே நஷ்டம் என்பது. உற்பத்தி அளவுக்குக் கூலி வாங்கும் இடத்தில் தறி நின்றால் இழப்பு நெசவாளிக்கே. கெடு தேதியை நோக்கி ஓடும் மென்பொருள் குழுவுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஆகவே நிறுத்தத்தின் செலவை நிறுவனம் ஏற்காத வரை, எச்சரிக்கையை வாயடைப்பதே கீழே இருப்பவருக்கு லாபம். வாயடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் லினக்ஸ் சான்று. நிரலை ஓட்டி நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் எச்சரித்தது என்று, அதிலிருந்த மறைக்குறியீட்டு நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் இரண்டு வரிகள் 2006இல் நீக்கப்பட்டன. எச்சரிக்கை போயிற்று, கூடவே, மறைக்குறியீட்டுச் சாவிகளின் கணிக்கமுடியாத தன்மையும் போயிற்று. ஒரே வகை, ஒரே அளவுச் சாவிக்கு 32,768 வாய்ப்புகளே மிஞ்சின. 2008 மே மாதம் வரை அது வெளியே தெரியவில்லை. கருவிதான் கேட்டைக் கொண்டுவந்தது என்பாரும் உண்டு. கருவி சுட்டியது உண்மை. எது குறை, எது குறையல்ல என்று நிரலை அறிந்து தீர்ப்பளிக்கும் கை அங்கே தவறிவிட்டது.

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ அலுவலகம் வந்தபின், தறியும் நிரலும் ஒரே மாவட்டத்தின் தொழில்களாகிவிட்டன. இந்த வட்டாரக் கல்லூரிகள் நிரல் எழுதக் கற்பிப்பதோடு, உடைந்த பில்டைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்கவும் பயிற்சி தரட்டும். மாணவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களும் அப்படிக் காரணம் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டும்.